கொச்சியின் சேற்றுக்குக் கணக்கு எங்கே?

கொச்சித் துறைமுகத்துக்குக் கப்பல்கள் நுழையும் வாய்க்காலில் எந்த மாதம் போய்ப் பார்த்தாலும் தூர்வாரும் கப்பல் ஒன்று கண்ணில் படும். அடித்தரைச் சேற்றைக் குழாய் வழியே உறிஞ்சி வயிறு நிறைய நிரப்பிக்கொள்ளும். ஆழ்கடலுக்குப் போய் அதைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் உறிஞ்சும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி கன மீட்டர் சேறு இப்படி அள்ளப்படுகிறது. செலவு 100 கோடி ரூபாய்க்கு மேல். அள்ளுவதை நிறுத்தினால் 14.5 மீட்டர் ஆழ வாய்க்கால் தூர்ந்துபோய், பெரிய கன்டெய்னர் கப்பல்கள் கொச்சியை எட்டிப்பார்க்கவும் முடியாது.

அந்தத் துறைமுக வாயிலிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் செல்லானம். அங்கே பிரச்சினை தலைகீழ். கரையில் மண் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்ததும் அலை தெருவைத் தாண்டி அடுப்படிவரை வருகிறது. 2017-ல் ஒக்கி புயல் அந்தக் கிராமத்தை உருக்குலைத்தது. அதற்குப் பின் நடந்த நீண்ட போராட்டத்தின் பலனாக, 344 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஏழு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் நான்குகால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கித் தடுப்பு எழுப்பினார்கள்.

சேறு அதிகம் என்று ஒரு துறை கோடிகளைச் செலவழித்துக் கடலில் கொட்டுகிறது. மண் போதவில்லை என்று இன்னொரு துறை கோடிகளைச் செலவழித்துக் கான்கிரீட்டை அடுக்குகிறது. இரண்டுக்கும் நடுவே விரிந்து கிடக்கும் காயலையும் சதுப்பையும் மூன்றாவது துறை, நிரப்பி விற்கக்கூடிய காலிமனையாகப் பார்க்கிறது. மூன்றும் ஒரே மண், ஒரே தண்ணீர் சம்பந்தப்பட்டவை. ஆனால் மூன்றையும் ஒரே கணக்கில் எழுதுவதற்குக் கொச்சியில் ஆள் இல்லை. வேம்பநாட்டுக் காயலும் அதன் சதுப்புகளும் கொச்சித் துறைமுகத்தின் உறுப்புகள். கப்பல்துறை மேடையைப் பராமரிப்பதுபோல அவற்றையும் பராமரிக்கும் செலவைத் துறைமுகமும் நகரமும் ஏற்றுக்கொள்ளாதவரை, சேற்றுக்குக் கொட்டும் பணம் ஆண்டுக்கு ஆண்டு கூடத்தான் செய்யும்.

வெள்ளம் திறந்த வாசல்

கொச்சியை மனிதர்கள் திட்டமிட்டு உருவாக்கவில்லை. பெரியாற்றின் முகத்தில் முதலில் புகழ்பெற்ற துறைமுகம் முசிறி. அகநானூறும் புறநானூறும் பாடிய சேரர் பட்டினம் அது. பொன்னோடு வந்த யவனர் கலங்கள் மிளகோடு திரும்பிய செய்தியைச் சங்கப் பாடல்கள் வைத்திருக்கின்றன. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று, முசிறியிலிருந்து எகிப்துக்குப் போன சரக்கைப் பற்றிப் பேசுகிறது. இன்று அது வியன்னாவில் இருக்கிறது. கொடுங்கல்லூருக்குப் பக்கத்தில் உள்ள பட்டணம் என்ற ஊரில் 2007-ல் தொடங்கிய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகளும் மணிகளும் ஒரு மரப்படகும் கிடைத்தன. முசிறியின் ஒரு பகுதி இங்கே இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

1341-ல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துவிட்டது, தெற்கே கொச்சியில் கடலுக்குப் புது வாய் திறந்தது என்பது கேரள வரலாற்றில் வழிவழியாக வந்த செய்தி. வைப்பின் தீவு உருவானதையும் அந்த வெள்ளத்தோடு சேர்த்தே சொல்வார்கள். நடந்த விதம் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே மாறுபட்ட கருத்து உண்டு. ஆனால் ஆறு கொண்டுவந்த வண்டல் ஒரு துறையை மூடி இன்னொன்றுக்கு வழிவிட்டது என்ற அடிப்படைச் செய்தியில் சந்தேகம் இல்லை.

மிளகு தேடி வந்தவர்கள் பிறகு இந்த வாயையே பிடித்துக்கொண்டார்கள். 1500-ல் கப்ரால் வந்தார். 1503-ல் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டினார்கள். 1524-ல் வாஸ்கோ ட காமா இங்கேதான் இறந்து, இன்றைய புனித பிரான்சிஸ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். எலும்புகள் பின்னர் லிஸ்பனுக்குப் போயின. மட்டாஞ்சேரியில் யூதர்களின் பரதேசி ஜெபக்கூடம் 1568-ல் எழுந்தது. 1663-ல் டச்சுக்காரர்கள், 1795-ல் ஆங்கிலேயர்கள். கொடி மாறியதே தவிர, எல்லோருக்கும் ஒரே தொல்லை இருந்தது. வாயிலில் குறுக்கே கிடந்த மணல்திட்டு. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றி இறக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் முடியாது.

அந்தத் திட்டை உடைக்க ஆள் அனுப்பியது சென்னை. ஆங்கிலேயர் வசமிருந்த ஃபோர்ட் கொச்சி அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆளுநர் வில்லிங்டன் அனுப்பிய பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920-ல் வந்தார். மணல்திட்டு எப்படி நகர்கிறது, அலை எந்தப் பக்கம் அரிக்கிறது என்று படித்த பின்பே வெட்டத் தொடங்கினார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. அள்ளிய மண்ணைப் பிரிஸ்டோ தூக்கி எறியவில்லை. காயலின் நடுவே கொட்டிச் சுமார் 780 ஏக்கரில் ஒரு தீவையே எழுப்பினார். அதுதான் வில்லிங்டன் தீவு. துறைமுக அலுவலகம், ரயில் முனையம், பழைய விமான நிலையம் எல்லாம் அந்தச் சேற்றின் மீது வந்தவை.

சேறு பயன்படும் பொருள் என்பதைக் கொச்சி அப்போதே கற்றுக்கொண்டது. கூடவே தவறான பாடம் ஒன்றையும் கற்றது: காயலில் மண் கொட்டினால் மனை கிடைக்கும்.

நிரப்பி நிரப்பி

எர்ணாகுளத்தில் சண்முகம் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆவதற்கு முன் 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். அவர் பெயரில் அமைந்த சாலை. ஒரு காலத்தில் அந்தச் சாலையில் நின்றால் எதிரே காயல். இன்று அங்கே நின்றால் அடுக்குமாடிகளும் கடைகளும்தான் தெரியும். தண்ணீரைப் பார்க்க இன்னும் மேற்கே நடக்க வேண்டும். நடுவில் வந்த மரீன் டிரைவ் முழுக்கக் காயலை நிரப்பி எடுத்த நிலம்.

அந்த வழக்கம் நிற்கவே இல்லை. வைப்பின் தீவு மக்கள் மழையிலும் இருட்டிலும் படகை நம்பி இருந்தார்கள். பாலம் கேட்டுப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். அந்தக் கோரிக்கையில் நூறு சதவீத நியாயம் இருந்தது. 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் திறந்தன. ஆனால் பாலத்துக்கான பணத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? காயலின் ஒரு பகுதியை நிரப்பி, அந்த நிலத்தை விற்று எடுத்தார்கள். தீவு மக்களுக்குச் சாலை கொடுக்க அரசின் கருவூலம் செய்ய வேண்டிய செலவு, தண்ணீரின் தலையில் விழுந்தது.

நெடும்பாசேரி விமான நிலையம் வயலும் ஓடையும் இருந்த இடத்தில் 1999-ல் திறக்கப்பட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதே தண்ணீர் ஓடுபாதைக்கு வந்து நின்றது. இரண்டு வாரம் விமானம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நகரின் குப்பையைக் கொட்ட மாநகராட்சி தேர்ந்தெடுத்த பிரம்மபுரம், கடம்பிரையாற்றின் கரையில் உள்ள சதுப்பு. 2023 மார்ச் 2 அன்று அங்கே மூண்ட தீ பத்து நாளுக்கு மேல் எரிந்து, நகரம் முழுவதையும் புகைக்குள் அடைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

2019 அக்டோபர் 21. எர்ணாகுளம் சட்டப்பேரவைத் தொகுதியில் இடைத்தேர்தல். அன்று காலை பெய்த மழையில் வாக்காளர்கள் முழங்கால் தண்ணீரில் நடந்து வாக்குச்சாவடிக்குப் போனார்கள். பேரண்டூர் கால்வாயையும் மற்ற கால்வாய்களையும் மூச்சுமுட்ட விட்ட மாநகராட்சியை ஏன் கலைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் கேட்டது. அந்த உயர் நீதிமன்றத்துக்குப் பின்புறம்தான் நகர நடுவில் எஞ்சியிருக்கும் அலையாத்திக் காடான மங்களவனம் இருக்கிறது. பரப்பு 2.74 ஹெக்டேர். கொக்கும் நீர்க்காகமும் தங்கும் அந்தத் துண்டு நிலம்தான் 2004 முதல் பறவைகள் சரணாலயம்.

காயல் சுருங்கினால் வாய்க்கால் தூரும்

வேம்பநாடு–கோள் சதுப்பு நிலம் 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 1,51,250 ஹெக்டேர். சுந்தரவனம் பட்டியலில் வரும்வரை இந்தியாவின் மிகப் பெரிய ராம்சர் தலம் இதுதான். பெரியாறு, மூவாற்றுப்புழை, மீனச்சிலாறு, மணிமலையாறு, பம்பை, அச்சன்கோவிலாறு ஆகிய ஆறுகள் மலையிலிருந்து இறங்கி இங்கே கலக்கின்றன. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, காயல் இருப்பது வேறு. கேரள மீன்வளம் மற்றும் கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகம் செய்த ஆய்வின்படி, 1900-ல் 365 சதுர கிலோமீட்டராக இருந்த வேம்பநாட்டுக் காயல் 2020-ல் 206 சதுர கிலோமீட்டர் ஆகிவிட்டது. கொள்ளளவு அதைவிட மோசம். 2,617 மில்லியன் கன மீட்டரிலிருந்து 384 ஆகக் குறைந்திருக்கிறது. பரப்பில் பாதிக்கும் சற்றுக் குறைவு போனது, ஆழத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் ஏழில் ஆறு பங்கு போய்விட்டது.

மீனவருக்கும் விவசாயிக்கும் இது நட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்துக்கும் நட்டம் என்பதைத்தான் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

விஷயம் எளிது. கொச்சியில் நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி வடிகிறது. கடல்நீர் சுமார் 450 மீட்டர் அகல வாய் வழியே உள்ளே வந்து காயலிலும் சதுப்பிலும் பரவுகிறது. பிறகு அத்தனை நீரும் வெளியேறுகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் அரை மீட்டர் ஓதம் ஏறினால் அது 5 லட்சம் கன மீட்டர் தண்ணீர். வடியும்போது அந்த நீர் வாயில் வேகமெடுத்து ஓடி, படிந்த வண்டலையும் இழுத்துக்கொண்டு போகும். காசு வாங்காத தூர்வாரும் கப்பல் அது. காயலை நிரப்பினால், வயலுக்கு வரப்புப் போட்டால், சதுப்பில் வீடு கட்டினால் உள்ளே வரும் நீரின் அளவு குறைகிறது. நீர் குறைந்தால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் சேறு அங்கேயே உட்காருகிறது. முகத்துவாரங்களைப் பற்றிக் கடலோரப் பொறியியல் சொல்லும் பாலபாடம் இது.

அதன் மேல் துறைமுகம் தானும் ஒரு பள்ளம் தோண்டுகிறது. 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் சர்வதேசக் கன்டெய்னர் முனையம் திறந்தபோது, அதற்காக வாய்க்கால் மேலும் ஆழமானது. ஆழமான வாய்க்கால் கரையோரமாக நகர்ந்து போகும் மண்ணையும் சேற்றையும் பிடித்துக்கொள்ளும் பொறி. வடக்கே புதுவைப்பில் கரை வளர்ந்து அங்கே திரவ எரிவாயு முனையமே வந்துவிட்டது. தெற்கே செல்லானத்தில் கரை தேய்கிறது. போதாததற்கு மேலே அணைகள். பெரியாற்று நீரில் ஒரு பகுதி 1895 முதல் முல்லைப் பெரியாறு வழியாகக் கிழக்கே தேனி, மதுரை வயல்களுக்குப் போகிறது. இடுக்கி அணை 1970-களில் வந்தது. மணலை அணையும் மணல் அள்ளுபவர்களும் நிறுத்திவிட, முகத்துவாரத்துக்கு வந்து சேர்வதில் பெரும்பகுதி நுண்ணிய சேறு.

வல்லார்பாடத்துக்காகக் கட்டிய ரயில் பாலத்தின் கதை இன்னும் துலக்கமானது. காயலைக் கடக்கும் அந்தப் பாலத்தை எழுப்புவதற்காக வடுதலையில் போட்ட தற்காலிக மண்வரப்பு, வேலை முடிந்து ஆண்டுகள் ஓடிய பிறகும் அகற்றப்படாமல் பெரியாற்றின் ஒரு கிளையை மறித்துக் கிடந்தது. யார் அகற்றுவது, யார் பணம் தருவது என்ற வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. துறைமுகத்துக்காகப் போட்ட மண் துறைமுகத்துக்கு வரும் நீரையே மறித்ததைக் கணக்கில் எழுதத்தான் ஆள் இல்லை.

ஒரே நிலத்தில் நெல்லும் இறாலும்

இந்தச் சதுப்பை நிரப்பாமலே அதில் வாழ்ந்தவர்கள் உண்டு. எர்ணாகுளம், திருச்சூர், ஆலப்புழை மாவட்டங்களின் கரையோரத்தில் விளையும் பொக்காளி நெல் அவர்களின் கைவேலை.

ஏப்ரல் மத்தியில் இறால் பருவம் முடிந்ததும் வயலில் நீரை வடித்து, மண்ணைச் சிறு சிறு குவியலாகக் கூட்டிவைப்பார்கள். முதல் மழைகள் அந்தக் குவியலின் உப்பைக் கழுவி இறக்கும். முளைகட்டிய விதையை ஒவ்வொரு குவியலின் தலையிலும் தூவுவார்கள். நாற்று ஓரளவு வளர்ந்ததும் குவியலைக் கொத்திச் சுற்றிலும் பரப்பிவிடுவார்கள். உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. ஓதம் கொண்டுவரும் வண்டலே எரு. வெள்ளம் ஏற ஏறப் பயிரும் நீண்டு, ஆள் நெஞ்சு உயரம்வரை போகும். அறுவடையின்போது பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கதிரை மட்டும் அறுப்பார்கள். தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். அழுகும் தாள் அடுத்து வரும் இறாலுக்குத் தீனி. நவம்பர் மத்தியில் மதகைத் திறந்தால் ஓதத்தோடு இறால்குஞ்சு உள்ளே வரும். இரவில் மதகில் விளக்கைத் தொங்கவிட்டு, வெளியேறும் நீரில் வலையைக் கட்டிப் பிடிப்பார்கள்.

உப்பைத் தாங்கும் இந்த நெல்லுக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொக்காளியில் கண்டறிந்த உப்புத் தாங்கும் மரபணுப் பகுதியைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் உலகமெங்கும் நெல் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துகிறது. கடல் மட்டம் உயரும் காலத்தில் வியட்நாமிலிருந்து வங்கதேசம்வரை விஞ்ஞானிகள் தேடும் குணம் இது. ஆனால் அது பிறந்த ஊரில் விளைநிலம் கைவிடப்படுகிறது. ஒரு காலத்தில் 25,000 ஹெக்டேர் என்று சொல்லப்பட்ட பொக்காளி நிலத்தில் இன்று நெல் விளைவது சிறு பங்கில்தான். ஆண்டு முழுவதும் இறால் வளர்த்தால் பணம் அதிகம் என்று குத்தகைக்காரர்கள் ஏப்ரலுக்குப் பிறகும் உப்புநீரை வடிக்க விடுவதில்லை. சேற்றில் இறங்க ஆளும் கிடைப்பதில்லை.

பொக்காளி வயல் ஒவ்வொன்றும் ஓதம் ஏறி இறங்கும் கிண்ணம். அது உயிரோடு இருந்தால் நகருக்குள் வரும் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும். துறைமுக வாயைக் கழுவும் நீரையும் தரும். வயலைப் பராமரிப்பவருக்கு நெல்விலை மட்டும்தான் கிடைக்கிறது. நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் அவர் செய்யும் வேலைக்கு ஒரு காசு கிடையாது. ஏன் நெல் போடவில்லை என்று அவரைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஏழிக்கரை, கும்பளங்கி, எடவனக்காடு பக்கங்களில் இன்று ஓதவெள்ளம் வீட்டு முற்றத்தில் ஏறி, சுவரின் சாந்தை உப்பு தின்று உதிர்க்கிறது. தண்ணீர் தங்கியிருந்த வயல்கள் மூடிய பிறகு அதற்குப் போக வேறு இடம் எது?

சட்டம் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது

கேரளம் இந்த விஷயத்தில் தூங்கிய மாநிலம் என்று சொல்ல முடியாது. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தை 2008-லேயே கொண்டுவந்தது. ஆனால் 2018-ல் செய்த திருத்தம், தரவுத் தொகுப்பில் சேராத பழைய வயல்களைக் கட்டணம் கட்டி நிலவகை மாற்றிக்கொள்ள வழி திறந்தது. அதன்பின் கோட்டாட்சியர் அலுவலகங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. பொதுப் பயன்பாடு என்று அரசு முத்திரை குத்தினால் விலக்கும் கிடைக்கும்.

மரடு அடுக்குமாடிகளை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கடலோர ஒழுங்காற்று விதிகளை மீறிக் காயலோரத்தில் கட்டிய நான்கு குடியிருப்பு வளாகங்களை இடிக்க 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். அனுமதி தந்தது 2006-ல் உள்ளூர்ப் பஞ்சாயத்து. வீடு வாங்கியவர்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு. சட்டம் தன் பல்லைக் காட்டிய அபூர்வமான நாட்கள் அவை, சரிதான். ஆனால் அந்தத் தீர்ப்பால் ஒரு ஏக்கர் காயலாவது திரும்பக் கிடைத்ததா? நான்கு வளாகங்களை வெடிவைக்க முடிந்த அரசால் வடுதலையில் ஒரு மண்வரப்பை அள்ள முடியவில்லை.

சதுப்பைப் பற்றி இப்படிப் பேசினால், வேலைவாய்ப்பும் வளர்ச்சியும் வேண்டாமா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். கொச்சிக் கப்பல் கட்டும் தளம் 2022-ல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்தைக் கட்டிக்கொடுத்தது. துறைமுகத்தை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அதற்காகத்தான் துறைமுகத்தின் கணக்கு சரியாக இருக்க வேண்டும். வல்லார்பாடம் முனையத்துக்கான சாலைக்கும் ரயிலுக்கும் 2008-ல் மூலம்பிள்ளியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் 316 குடும்பங்களை வெளியேற்றினார்கள். அவர்களில் பலருக்கு மாற்று இடமாகக் கொடுத்தது நிரப்பிய சதுப்பு. துத்தியூரில் கட்டிய வீடுகள் சாய்ந்தன, சுவர்கள் வெடித்தன. கொழும்புக்குப் போகும் சரக்கை இழுத்துவிடலாம் என்று கட்டிய முனையம் அந்த இலக்கை எட்டவில்லை. 2025 மே மாதம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தில் இயற்கையாகவே 18 மீட்டருக்கு மேல் ஆழம். தூர்வாரும் செலவு கிட்டத்தட்ட இல்லை. பெரிய தாய்க்கப்பல்கள் அங்கே போகும்போது, கொச்சி இன்னும் ஆழம் தோண்டிப் போட்டியிடுவதில் என்ன லாபம் என்று கேட்பதற்கு இதுவே சமயம்.

வேறு வழியும் கொச்சிக்குத் தெரியும். 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ அதற்குச் சான்று. உயர் நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பினுக்கு மின்கலப் படகு நிமிடக் கணக்கில் போகிறது. 10 தீவுகளை 38 துறைகள் வழியே இணைப்பது திட்டம். கோஸ்ரீ பாலத்துக்குக் காயலை விற்ற அதே நகரம், இப்போது காயலையே சாலையாக்கியிருக்கிறது. ஆனால் ஃபோர்ட் கொச்சிக் கரையில் சீன வலையை இழுக்கும் நால்வரைக் கொஞ்ச நேரம் கவனித்தால் படகு ஓடும் நீரின் நிலை புரியும். கல் கட்டிய கயிறுகளை இறக்கி அவர்கள் தூக்கும் வலையில் பல நேரங்களில் மீனைவிட ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும்தான் அதிகம்.

செய்யக்கூடியது

செல்லானத்தின் தடுப்பு வேலை செய்கிறது. அதன் பின்னால் உள்ள வீடுகளுக்குள் மழைக்காலத்தில் பழையபடி கடல் வருவதில்லை. ஆனால் தடுப்பு முடியும் இடத்துக்கு வடக்கே, புத்தன்தோடு முதல் கண்ணமாலி, செறியகடவுவரை அலை இன்னும் வீட்டில் ஏறுகிறது. துறைமுகம் அள்ளும் மண்ணைக் கடற்கரையில் கொட்டிக் கரையை மீட்டுக் கொடுங்கள் என்று செல்லானம்–கொச்சி ஜனகீய வேதி என்ற மக்கள் அமைப்பு ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகிறது. இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு, இரண்டும் தள்ளிவிடக் கூடியவை அல்ல. அள்ளுவதில் பெரும்பகுதி மணல் இல்லை, சேறு, அலையில் நிற்காது. இரண்டாவது, ஏலூர் தொழிற்பேட்டையின் கழிவு பெரியாற்றில் கலக்கிறது. 2024 மே மாதம் அந்த ஆற்றில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. அந்த ஆற்றின் சேற்றை ஊர்க்கரையில் கொட்டலாமா?

ஆட்சேபம் உண்மை என்பதற்காக மொத்தத்தையும் ஆழ்கடலில் எறிவது விடை ஆகாது. வாய்க்காலின் எந்தப் பகுதியில் மணல், எந்தப் பகுதியில் சேறு, எதில் கனஉலோகம் என்று பிரித்துச் சோதித்து, முடிவை ஊர் மன்றங்களில் வைக்கலாம். மணல் உள்ள பகுதியைச் செல்லானம் கரைக்கு முன்னால் ஆழம் குறைந்த கடலில் இறக்கலாம். அலை அதைக் கரைக்குத் தள்ளும். சுத்தமான சேற்றைக் கரைந்துபோன சதுப்போரங்களை உயர்த்தி அலையாத்தி நடப் பயன்படுத்தலாம். அசுத்தமானதை மட்டும் தனியே அடைத்துவைக்க வேண்டும்.

அதோடு மூன்று வேலைகள். வடுதலை வரப்பைப் போல நீரோட்டத்தை மறிக்கும் ஒவ்வொரு தடையையும் பட்டியலிட்டு, போட்டவர் செலவிலேயே அகற்ற வேண்டும். குட்டநாட்டு நெல்லுக்காக 1970-களில் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பின் மதகுகளை வயலுக்கு வேண்டிய நாட்களில் மட்டும் மூடுவது என்று விவசாயிகளும் மீனவர்களும் சேர்ந்து நாள் குறிக்க வேண்டும். பொக்காளி வயலில் நெல்லும் இறாலும் மாறி மாறிச் செய்பவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஒரு பராமரிப்புத் தொகையைத் துறைமுகமும் மாநகராட்சியும் பங்கிட்டுத் தர வேண்டும். தூர்வாருவதற்குத் தரும் பணத்தில் சில சதவீதம் இதற்குப் போதும்.

துறைமுகம் மத்திய அரசுடையது, காயல் மாநில அரசுடையது, கால்வாய் மாநகராட்சியுடையது, வயல் தனியாருடையது. இதனால்தான் யாரும் கணக்கு எழுதுவதில்லை. அடுத்த தூர்வாரும் ஒப்பந்தத்துக்கு டெண்டர் கோரும்போது, அள்ளும் சேற்றில் எத்தனை கன மீட்டர் எந்தக் கரைக்குப் போகும் என்பதை ஒரு நிபந்தனையாக எழுதிச் சேர்ப்பதற்குப் புதிய சட்டமோ புதிய ஆணையமோ தேவையில்லை. மத்திய அரசின் துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து, நீர்வழிகள் அமைச்சகமும் கேரள அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து போட வேண்டிய கையெழுத்து அது. செல்லானத்தின் வடபகுதிக்கு இனி எவ்வளவு கான்கிரீட் தேவை என்று முடிவெடுப்பதற்கு முன்பே அந்தக் கையெழுத்து விழ வேண்டும்.